டிபக்கருக்கும் ஊர்ப்பாதை சொல்லிக் குடுக்கோணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு கிழமைக்கு முந்தி உங்கட பேப்பரின்ர வாசகர் கடிதப் பக்கத்தில ஒரு ஐயா எழுதியிருந்தார், வன்னியில கொம்பியூட்டர் படிச்ச பிள்ளையளுக்கு வேலை இல்லை, படிச்சு முடிச்சா ஒண்டில் கொழும்புக்கு பஸ் ஏறோணும் இல்லாட்டி கொமினிகேசன் கடையில நிண்டு போட்டோகொப்பி அடிக்கோணும், சொப்ட்வெயர் எண்டா என்ன, வெப்சைட் செய்யிறதும் போனுக்கு அப் செய்யிறதும் தானே, அதுக்கும் இப்ப ஏஐ வந்திட்டுது எண்டு. வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் பேசாமத்தான் இருந்தனான். பிறகு மனம் கேக்கேல்ல.

வேலை இல்லை எண்டது உண்மை, அதில நான் ஐயாவோட சண்டை பிடிக்க வரேல்ல. சொப்ட்வெயர் எண்டா வெப்சைட்டும் அப்பும் தான் எண்டதுதான் பொறுக்கேல்ல, ஏனெண்டா நான் விசுவமடுவில வீட்டு விறாந்தையில இருந்து ஒண்டரை வருசமாச் செய்யிற வேலை அது ரெண்டும் இல்லை. ஒரு டிபக்கரை, அதாவது புரோகிராமில பிழை தேடுற கருவியை, ஒரு புது சிப்புக்கும் ஒரு புது ஓபரேட்டிங் சிஸ்டத்துக்கும் பழக்கிற வேலை. எங்கட தொழிலில இதை போர்ட் பண்ணுறது எண்டுவம். அப்பாவுக்கு முதல் நாள் இப்பிடிச் சொல்ல, "போர்ட் எண்டா துறைமுகம் எல்லோ, இஞ்ச எங்கையடா தம்பி கடல், முல்லைத்தீவுக்கோ போப்போறாய்?" எண்டு கேட்டவர். அண்டைக்கு அவருக்கு விளங்கப்படுத்தினதைத்தான் இதிலயும் எழுதுறன், கொஞ்சம் நீளும், இடம் காணாட்டி வெட்டுங்கோ, ஆனா நடுவில வெட்டாதேங்கோ.

என்ர சித்தப்பா உழவு மெசின் திருத்துறவர். மெசின் ஓடிக்கொண்டிருக்கேக்க நீட்டு ஸ்க்ரூ டிரைவரின்ர முனையை எஞ்சினில வச்சு பிடிப்பக்கத்தைக் காதோட சேத்து கண்ணை மூடிக்கொண்டு நிப்பார், பிறகு மூண்டாவது வால்வு எண்டுவார், கழட்டிப் பாத்தா மூண்டாவது வால்வு தான். டிபக்கர் எண்டது அந்த ஸ்க்ரூ டிரைவர். ஓடுற புரோகிராமை நினைச்ச இடத்தில நிப்பாட்டி, இப்ப எந்த வரியில நிக்குது, ஆர் கூப்பிட்டு இஞ்ச வந்தது, இந்தப் பெட்டிக்குள்ள என்ன நம்பர் கிடக்கு எண்டு பாத்துப்போட்டு, ஒண்டும் நடக்காத மாதிரி திருப்பி ஓட விடுறது. ஆனா சித்தப்பாவுக்கு அந்தக் காது வந்தது மசி பெர்குசன் மெசினில. முதல்முதல் ஒரு வேற மொடல் மெசின் பட்டறைக்கு வந்த நேரம் அவரும் முழிச்சவர், ஓயில் எந்தப்பக்கத்தால ஏறுது, எத்தினை சிலிண்டர் எண்டு தெரியாம காதை வச்சு என்ன செய்யிறது? எவ்வளவு கெட்டிக்கார டிபக்கரும் தெரியாத சிப்புக்கு முன்னால கண்ணைக் கட்டிக் காட்டில விட்ட மாதிரித்தான்.

நான் தொடுறது ஜீடீபீ எண்ட டிபக்கர். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986 இல எழுதினது, காசில்லை, உள்ளுக்க இருக்கிற கோட் முழுக்கத் திறந்து கிடக்கு. சிப் ரிஸ்க்-ஃபைவ் வகை, 32 பிட். அமெரிக்காவில பெர்க்லி யூனிவர்சிட்டியில 2010 இல தொடங்கின வடிவமைப்பு அது, அதின்ர புத்தகத்தை ஆரும் இறக்கி வாசிக்கலாம், ஒருத்தரிட்டயும் கையெழுத்து வச்சுக் கெஞ்சத் தேவையில்லை, எங்களை மாதிரி ஆக்களுக்கு அதுதான் பெரிய விசயம். ஓபரேட்டிங் சிஸ்டம் மட்டும் எனக்கு வேலை தாற வெளிநாட்டுச் சின்னக் கொம்பனி தாங்களே எழுதினது. அவையள் தண்ணி பம்பைக் கட்டுப்படுத்துற ஒரு பெட்டி செய்யினம். நல்ல பெட்டி, ஆனா மூண்டு கிழமைக்கு ஒருக்கா இரவில கல்லு மாதிரி நிண்டிடும், கரண்டைக் கழட்டிப் போட்டா திருப்பி ஓடும், ஏன் நிண்டது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. பெட்டியைச் சீல் பண்ணியாச்சு, ஜேடாக் எண்டு வெளியில இருந்து சிப்பை நேர பாக்கிற ஊசி குத்த இடமில்லை, வெளியால வாறது ஒரேயொரு சீரியல் வயர். அந்த வயருக்குள்ளால டிபக்கர் உள்ள போகோணும். இதுதான் வேலை.

பெட்டிப்பக்கம் ஒரு குட்டிப் புரோகிராம் வேணும், அதை ஸ்டப் எண்டு சொல்லுவம், கேக்கிறதை எடுத்துக் குடுக்கிற பியோன் மாதிரி. லப்டொப் பக்கம் ஜீடீபீ. ரெண்டும் கதைக்கிற பாஷையைப் பாத்தா சிரிப்பு வரும், அவ்வளவு லேசு. ஒரு டொலர் குறி, பிறகு சேதி, பிறகு ஹாஷ் குறி, கடைசியில ரெண்டு இலக்கக் கூட்டுத்தொகை. சேதியில இருக்கிற எழுத்துகளின்ர நம்பர் எல்லாத்தையும் கூட்டி 256 ஆல பிரிச்சா வாற மிச்சத்தை ஹெக்ஸில, அதாவது பதினாறை அடியா வச்ச எண் முறையில, எழுதினா அதுதான். ரெஜிஸ்டர் எண்டது சிப் தன்ர கைக்குள்ள நம்பர் வச்சிருக்கிற சின்னப் பெட்டி. ரெஜிஸ்டர் எல்லாத்தையும் தா எண்டு கேக்க சின்ன 'ஜீ' எழுத்து ஒண்டு காணும், அதின்ர கூட்டுத்தொகை 67. சரியாப் போய்ச் சேந்தா மற்றப்பக்கத்தில இருந்து ஒரு கூட்டல் குறி வரும், குழம்பிப் போனா கழித்தல் குறி. முதல் கூட்டல் குறி திரையில வந்தது ஒரு இரவு பன்னிரண்டு மணிக்கு, நான் கத்தின கத்தில அம்மா பாம்பாக்கும் எண்டு டோர்ச் லைட்டோட ஓடி வந்தவ.

அந்தப் புளுகம் அரை மணித்தியாலம். சிப்புக்குள்ள 32 ரெஜிஸ்டர், அதோட எந்தக் கட்டளையில நிக்குது எண்டு சொல்லுற புரோகிராம் கவுண்டர், ஆக 33. ஒண்டுக்கு 4 பைட், மொத்தம் 132 பைட், ஹெக்ஸில எழுதினா 264 எழுத்து. பெயர் ஒண்டும் போடுறேல்ல, வெறும் 264 எழுத்து ஒரே கோடா வரும், எதுக்குப் பிறகு எது எண்டு ரெண்டு பக்கமும் முதலே ஒத்துக்கொண்டிருக்கோணும். நான் எங்கட ஓபரேட்டிங் சிஸ்டம் ஸ்டாக்கில, அதாவது தற்காலிகமாச் சாமான் அடுக்கி வைக்கிற மெமரியில, எந்த ஒழுங்கில சேமிச்சு வச்சுதோ அப்பிடியே தூக்கிக் குடுத்திட்டன். டிபக்கருக்குச் சந்தேகம் எண்ட ஒண்டு இல்லை, குடுத்ததை நம்பிச்சுது, அந்த அடுக்கின்ர நுனியைக் காட்டுற ஸ்டாக் பொயின்டர் எண்டு காட்டின நம்பர் வேற ஏதோ ஒரு பங்சனின்ர கணக்கு. ஒழுங்கை மாத்தினன். பிறகும் புரோகிராம் கவுண்டர் 34120080 எண்டு நிக்குது. எங்கட பெட்டியில அப்பிடி ஒரு விலாசமே இல்லை, அது வெறும் வெளி. விடிய விடிய சிப்பின்ர புத்தகத்தைப் புரட்டினன், கேபிளை மாத்தினன், பவர் சப்ளையைக் குறை சொன்னன். காலமை தேத்தண்ணியோட இருந்து சும்மா அந்த நம்பரை ரெண்டு ரெண்டா வெட்டி பின்னால இருந்து வாசிச்சன்: 80, 00, 12, 34. 80001234. அதுதான் உண்மையான விலாசம்! சிப் சின்னப் பைட்டை முன்னுக்கு வைக்கிற வகை, லிட்டில் எண்டியன் எண்டு சொல்லுறது, ரெஜிஸ்டரை அந்த ஒழுங்கில அனுப்போணும், நான் மனிசர் எழுதுற மாதிரி பெரிய பக்கத்தை முன்னுக்கு வச்சு அனுப்பியிருக்கிறன். பகிடி என்னெண்டா அதே பாஷையில மெமரி விலாசம் கேக்கேக்க மட்டும் பெரிய பக்கம் முன்னுக்கு. ஒரே கடிதத்தில ஒரு வரி இடமிருந்து வலம், மற்ற வரி வலமிருந்து இடம் எண்டு எழுதின மாதிரி. ஆர் யோசிச்ச வேலையோ தெரியாது, புண்ணியவான்.

இனி நிப்பாட்டுறது. ஒரு இடத்தில புரோகிராம் நிக்கோணும் எண்டா டிபக்கர் அந்த இடத்தில இருக்கிற கட்டளையை எடுத்துக் கையில வச்சுக்கொண்டு, அதுக்குப் பதிலா 'நில்' எண்ட ஒரு கட்டளையை எழுதிவிடும். ஓடி வாற சிப் அதில முட்டி நிக்கும். பிறகு பழையதைத் திருப்பி வச்சு ஒரு அடி நடத்தி, அந்த 'நில்'லை மறுபடி போட்டு, ஓட விடும். புரோகிராம் ரம்முக்க இருந்தாத்தான் இந்த வேலை சரிவரும், ஃபிளாஷில நேர ஓடினா இப்பிடி அழிச்சு எழுதேலாது, அப்ப சிப்பே தாற கொஞ்ச ஹார்ட்வெயர் பிரேக்பொயின்ட்டை (நிக்கிற இடத்தை பிரேக்பொயின்ட் எண்டுவம்) நம்பித்தான் சீவிக்கோணும். எங்கடது ரம்மில ஓடுறது, தப்பிச்சன்.

அந்த 'நில்' கட்டளையே சிப்புக்குச் சிப் வேற. இன்டெல் வகையில ஒரு பைட். ரிஸ்க்-ஃபைவில நாலு பைட், ஹெக்ஸில 00100073, சுருக்கிக் கட்டின கட்டளையள் இருக்கிற சிப்பெண்டா ரெண்டு பைட்டிலயும் ஒண்டிருக்கு, 9002. ரெண்டு பைட் கட்டளை இருந்த இடத்தில நாலு பைட் 'நில்'லை வச்சா பக்கத்து வீட்டு வேலியையும் சேத்துப் பிரிச்ச மாதிரி, அடுத்த கட்டளை பாதியாச் செத்துப்போகும், வேற எங்கையோ இருந்து அதுக்கு நேர குதிச்சு வாற புரோகிராம் குப்பையில விழும். இன்டெல்லில இன்னொரு வழக்கம் இருக்கு, நிண்ட பிறகு புரோகிராம் கவுண்டர் ஒரு பைட் அங்கால போய் நிக்கும், டிபக்கர் ஒண்டைக் கழிச்சுக்கொள்ளோணும். ரிஸ்க்-ஃபைவில அந்தக் கழிப்பு இல்லை, முட்டின இடத்தையே சொல்லும். எழுதின ஐயா ஏஐ பற்றிச் சொன்னதால இதைச் சொல்லுறன், நானும் ஒருக்கா ஏஐயிட்ட இந்த இடத்துக்குக் கோட் கேட்டனான், நல்ல வடிவா விளக்கத்தோட எழுதித் தந்துது, உள்ளுக்க அந்த இன்டெல் கழிப்பும் இருந்துது. சிப்பின்ர புத்தகத்தை நான் வாசிச்சிராட்டி அது பிழை எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

பிறகு ஒரு கூத்து. பிரேக்பொயின்ட் ஒரு நேரம் பிடிக்குது, ஒரு நேரம் பிடிக்காம ஓடிப்போகுது, மாரிகாலத்துக் கரண்ட் மாதிரி. மெமரியைத் திருப்பி வாசிச்சா 'நில்' அங்க தான் இருக்கு. ஆனா சிப் நிக்கேல்ல. ரெண்டு நாளுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது, சிப் கட்டளையளை வாசிக்கிறது மெமரியில இருந்து நேர இல்லை, பக்கத்தில கேஷ் எண்டு ஒரு சின்ன வேகமான மெமரி வச்சிருக்கு, அதுக்குள்ள பழைய கட்டளையே கிடக்கு. நான் எழுதினது ஒரு கொப்பியில, அது வாசிக்கிறது வேற கொப்பியில. இதுக்கெண்டே ஒரு கட்டளை இருக்கு, ஃபென்ஸ்-ஐ எண்டு, 'நீ வச்சிருக்கிற பழைய கொப்பியை எறிஞ்சுபோட்டுப் புதுசா வாசி' எண்டு சொல்லுறது. ஒரு வரி. இன்டெல்லில இந்தத் தொல்லையை சிப்பே பாத்துக்கொள்ளும், அதால அதில பழகின ஆக்கள் எல்லாரும் இதில ஒருக்கா விழுந்துதான் எழும்புவினம்.

நான் வெக்கப்படுற கதை இனித்தான் வருது. ஒவ்வொரு அடியா நடத்துறது. இன்டெல் சிப்பில ஒரு பிட்டைப் போட்டா ஒரு கட்டளை ஓடி தானா நிக்கும். எங்கட ரிஸ்க்-ஃபைவ் சிப்பில அப்பிடி ஒண்டு ஜேடாக் ஊசி குத்தி வெளியில இருந்து பாக்கிற ஆக்களுக்கு மட்டும் இருக்கு, என்னை மாதிரி உள்ளுக்க இருக்கிற ஸ்டப்புக்கு இல்லை. அப்ப என்ன செய்யிறது, இப்ப நிக்கிற கட்டளையை வாசிச்சு அது அடுத்ததா எங்க போகும் எண்டு கணக்குப் பாத்து அங்க ஒரு தற்காலிக 'நில்' போட்டு விடோணும். சந்தியில நிக்கிற கட்டளை எண்டா பரந்தன் பக்கமோ புதுக்குடியிருப்புப் பக்கமோ எண்டு ரெஜிஸ்டரைப் பாத்து முடிவெடுக்கோணும். நான் என்ர கெட்டித்தனத்தில இதை ஸ்டப்புக்க எழுதினன், நல்லா ஓடிச்சுது, ஒரு இடத்தைத் தவிர. அந்த இடத்தில நடக்கச் சொன்னா நடக்கும், நடக்கும், நடந்து கொண்டே இருக்கும், நாலு கட்டளைக்குள்ள சுத்திச் சுத்தி வெளியால வரவே வராது. நடத்தாம ஓட விட்டா ஒரு பிரச்சினையும் இல்லாம அதைக் கடந்து போகும்.

அந்த நாலு கட்டளை என்னெண்டா ஒரு பூட்டைப் பிடிக்கிற இடம், ஒரே சாமானை ரெண்டு வேலை ஒரே நேரத்தில தொடாமப் பாக்கிற பூட்டு. ரிஸ்க்-ஃபைவில பூட்டுப் பிடிக்கிறது, பஸ்ஸில லேஞ்சியைப் போட்டு சீட் பிடிக்கிற மாதிரி. முதல் கட்டளை மெமரியில ஒரு இடத்தை வாசிச்சு அதில லேஞ்சியைப் போடும். கடைசிக் கட்டளை வந்து லேஞ்சி இன்னும் கிடந்தா மட்டும் புது நம்பரை எழுதும், இல்லையெண்டா எழுதாம 'முதலில இருந்து வா' எண்டு திருப்பி விடும். அந்த ரெண்டுக்கும் நடுவில என்ர தற்காலிக 'நில்' விழுந்தா என்ன நடக்கும்? சிப் நிக்கும், ஸ்டப் ஓடும், ஸ்டப் தன்ர அலுவலைப் பாக்கும், அதுக்குள்ள லேஞ்சி போயிடும். கொண்டக்டர் ஒவ்வொரு ஹோல்ட்டிலயும் எல்லாரையும் இறக்கி ஏத்தினா ஆருக்கு சீட் கிடைக்கும். நான் பாக்கிறதாலயே அந்தப் பூட்டுப் பிடிபடேல்ல, பாக்காம விட்டா பிடிபடும். இதுக்கு வழி, அந்த முதல் கட்டளையைக் கண்டவுடன நாலையும் ஒரு அடியா நினைச்சு கடைசிக் கட்டளைக்கு அங்கால 'நில்'லைப் போடுறது. அதை எழுதி முடிக்க எனக்கு மூண்டு கிழமை.

எழுதி முடிச்ச பிறகு தற்செயலா ஜீடீபீயின்ர கோட்டுக்குள்ள வேற ஒண்டைத் தேடிக்கொண்டு போனா, இந்த ஒரு அடி நடத்துற வேலை, லேஞ்சி விசயம் உட்பட, ரிஸ்க்-ஃபைவுக்கெண்டு ஆரோ எழுதி வச்சிருக்கினம். லினக்ஸ் மாதிரி ஒண்டு ரெண்டு ஓபரேட்டிங் சிஸ்டத்துக்கு மட்டும் அதைப் பூட்டியிருக்கு. எங்கட ஓபரேட்டிங் சிஸ்டத்துக்கான ஃபைலில ஒரு வரி சேத்தா எங்களுக்கும் வேலை செய்யும். மூண்டு கிழமை வேலையை அழிச்சுப்போட்டு அந்த ஒரு வரியைப் போட்டன். அப்பாவுக்குச் சொல்ல அவர் விழுந்து விழுந்து சிரிச்சார், எங்கட காணியில கிணறு வெட்டி முடியத்தான் அந்தப்பக்கப் பத்தைக்குள்ள பழைய கிணறு இருந்தது தெரிய வந்ததாம், 2010 இல திரும்பி வந்து தறப்பாள் கொட்டிலுக்க இருந்த நேரம். எனக்கு ஞாபகம் இருக்கு, நானும் மண் தூக்கினனான்.

ஜீடீபீக்குள்ள இந்தப் பிரிவினை வடிவா இருக்கு, சிப்பைப் பற்றின அறிவு ஒரு ஃபைல், அந்த சிப்பில இந்த ஓபரேட்டிங் சிஸ்டம் எப்பிடி நடக்கும் எண்டது இன்னொரு ஃபைல். அதால ஒருத்தர் சிப்பைப் பழக்கிவிட்டா பிறகு வாற ஆள் தன்ர ஊர்ப்பாதையை மட்டும் சொல்லிக் குடுத்தாக் காணும். நான் சொல்லிக் குடுத்த ஊர்ப்பாதையில முக்கியமானது டாஸ்க்.

டாஸ்க் எண்டது ஓபரேட்டிங் சிஸ்டம் முறை வச்சு ஓடவிடுற தனித்தனி வேலை. பெட்டிக்குள்ள ஏழு டாஸ்க் மாறி மாறி ஓடுது. நிப்பாட்டின நேரம் சிப்பில இருக்கிறது ஒண்டு தான், மற்ற ஆறும் நித்திரை, ஒண்டொண்டும் தன்ர ரெஜிஸ்டர்களை தன்ர ஸ்டாக்கில சுருட்டி வச்சுக்கொண்டு படுத்திருக்கு. வெறும் சிப்பை மட்டும் தெரிஞ்ச டிபக்கருக்கு அந்த ஆறும் கண்ணில படாது. எங்க படுத்திருக்கினம், எப்பிடிச் சுருட்டி வச்சிருக்கினம் எண்டு சொல்லிக் குடுக்கோணும். இதில எங்கட ஓபரேட்டிங் சிஸ்டத்தில ரெண்டு விதச் சுருட்டல். தானா விரும்பிப் படுத்த டாஸ்க் 14 ரெஜிஸ்டர் தான் வச்சிருக்கும், திரும்பிப் போற விலாசம், ஸ்டாக் பொயின்டர், பிறகு ஒரு பங்சன் கெடுக்கக் கூடாது எண்டு ஒப்பந்தம் இருக்கிற 12 ரெஜிஸ்டர். மிச்சத்தைக் கூப்பிட்ட பங்சனே பாத்துக்கொள்ளும் எண்டது சட்டம். ஆனா நடுவில இன்டரப்ட், அதாவது ஓடுற வேலையை இடைமறிக்கிற அவசர அழைப்பு, வந்து தட்டிப் படுக்கவச்ச டாஸ்க்குக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அது எந்த வரியில நிண்டதோ அந்த வரியிலயே உறைஞ்சது, அதால எல்லாத்தையும் வச்சிருக்கும், எப்பவும் சைபராவே இருக்கிற அந்த ஒரு ரெஜிஸ்டரைத் தவிர. ரெண்டையும் ஒரே கண்ணால வாசிச்சா பாதி டாஸ்க் சரியாத் தெரியும், மற்றப் பாதி பேய் மாதிரி. தானாப் படுத்ததுக்கு அந்த மிச்ச ரெஜிஸ்டர் என்னெண்டு கேட்டா, சைபர் எண்டு பொய் சொல்லாம எக்ஸ் எழுத்தை நிரப்பி அனுப்பலாம், டிபக்கர் விளங்கிக்கொண்டு 'கிடைக்காது' எண்டு காட்டும். இந்த ஒழுங்கை ஆர் வச்சினமோ அவையளை எனக்குப் பிடிச்சுக்கொண்டுது, மேல சொன்ன விலாச விசயத்தை மன்னிச்சிட்டன்.

ஸ்டப் எழுதேக்க இன்னொண்டு, அது ஓபரேட்டிங் சிஸ்டத்திட்ட ஒரு உதவியும் கேக்கக் கூடாது, சீரியல் வயரையும் தானே நேர தொட்டு வாசிக்கோணும். வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்கேக்க அவரையே எழுப்பி மருந்துப் பெட்டி எங்க எண்டு கேக்கேலாது தானே.

கடைசியா ஒரு நாள் விடியப்புறம் அங்க ஒரு பெட்டி நிண்டிட்டுது, கரண்டைக் கழட்டாம எனக்குச் சொல்லச் சொல்லியிருந்தனான், சொன்னவை. இஞ்ச இருந்து வயருக்குள்ளால 3 எண்ட ஒரு பைட்டை அனுப்பினன், 'நிண்டு என்னோட கதை' எண்டு அர்த்தம். கதைச்சுது. ஏழு டாஸ்க்கும் வரிசையா வந்துது. ஒண்டு பம்ப் பூட்டைப் பிடிச்சுக்கொண்டு சென்சர் பூட்டுக்குக் காத்து நிக்குது. இன்னொண்டு சென்சர் பூட்டைப் பிடிச்சுக்கொண்டு பம்ப் பூட்டுக்குக் காத்து நிக்குது. ஒடுங்கின குளக்கட்டில ரெண்டு லான்ட் மாஸ்டர் உழவு மெசின் முகத்துக்கு முகம் வந்து நிண்ட மாதிரி, ரெண்டும் ரிவேர்ஸ் எடுக்காது. பத்து நிமிசம் ஆகேல்ல. ரெண்டு பூட்டையும் எல்லாரும் ஒரே ஒழுங்கில பிடியுங்கோ எண்டு மாத்தினதோட அந்தப் பிரச்சினை முடிஞ்சுது.

இதே பெட்டியில அவையள் முதல் ஒரு வருசமாச் செய்து பாத்தது என்ன தெரியுமோ, பிரிண்ட் போட்டுப் பாக்கிறது, அதாவது புரோகிராமை இடைக்கிடை ஒரு சேதி எழுதிக் காட்ட வைக்கிறது. பிரிண்ட் போட்டா பெட்டி நிக்கவே நிக்காதாம், எடுத்தா நிக்குமாம். பிரிண்ட் போடுறதுக்கு எடுக்கிற நேரத்தில ரெண்டு லான்ட் மாஸ்டரும் வேற வேற நேரத்துக்கு கட்டால போயிடும், சந்திக்காது, அவ்வளவு தான். நான் முதல் படிச்ச ஒரு இடத்திலயும் (எந்த இடம் எண்டு எழுதேல்ல, படிப்பிச்சவர் நல்ல மனிசன்) பிழை வந்தா என்ன செய்யிறது எண்டு கேக்க, பிரிண்ட் போட்டுப் பார் எண்டதுதான் பதில். முழுப் பாடத்திலயும் டிபக்கர் எண்ட சொல்லே ஒருக்காலும் வரேல்ல.

இதுதான் ஐயாவுக்கு நான் சொல்ல வந்தது. ஏஎல் ஐசிடி படிக்கிற எங்கட பிள்ளையளைக் கேட்டுப் பாருங்கோ, ரெஜிஸ்டர் எண்டா என்ன, கட்டளையை எடுத்து நிறைவேற்றுற சக்கரம் என்ன எண்டு ஒரு மூச்சில சொல்லுவினம், பாடத்திட்டத்தில இருக்கு, புள்ளியும் கிடைக்கும். ஆனா ஒரு ரெஜிஸ்டருக்குள்ள இப்ப என்ன நம்பர் கிடக்கு எண்டு ஒருக்காலும் கண்ணால பாத்திருக்க மாட்டினம். நீச்சலைக் கரும்பலகையில படிப்பிச்ச கதை. இவ்வளத்துக்கும் காட்டுறதுக்கு ஒரு சதம் செலவில்லை. ஒரு பழைய லப்டொப்பில லினக்ஸைப் போட்டு கியூஎமு எண்ட சொப்ட்வெயரை இறக்கினா, ஃபாப்ரிஸ் பெலார்ட் எண்டவர் தொடங்கினது, அதுக்குள்ளயே ஒரு ரிஸ்க்-ஃபைவ் மெசின் ஓடும், சிப் வாங்கத் தேவையில்லை. சொன்னா அது ஜீடீபீக்கெண்டு 1234 ஆம் நம்பர் கதவைத் திறந்து வச்சுக்கொண்டு நிக்கும். போய்த் தட்டி, ரெஜிஸ்டரைக் காட்டு எண்டா காட்டும். அந்த டொலர் குறியும் ஹாஷ் குறியும் போறதைக்கூட ஒரு கட்டளையில திரையில பாக்கலாம். ஒரு பின்னேரம் காணும்.

உங்கட பேப்பரிலயும் கிழமைக்கு ஒரு அரைப்பக்கம் தொழில்நுட்பம் எண்டு போடுறியள், கோவிக்காதேங்கோ, அதில வாறது எல்லாம் புதுப் போனின்ர கமெரா எத்தினை மெகாபிக்சல் எண்டதுதான். கிளிநொச்சி அறிவியல் நகரில எஞ்சினியரிங் பீடம் இருக்கு, வவுனியாவில 2021 இல இருந்து தனி யூனிவர்சிட்டி இருக்கு, அங்க படிக்கிற பிள்ளையளிட்ட ஆளுக்கொரு கிழமை எழுதக் கேளுங்கோ, இப்பிடி உள்ளுக்க திறந்து பாக்கிற விசயமா. எழுத ஆளில்லை எண்டா நான் எழுதுறன், காசு வேண்டாம், ஆனா எழுத்துப்பிழை நீங்கள்தான் பாக்கோணும், பாத்தியளே இந்தக் கடிதத்தை.

விறாந்தையில ஒரு பழைய பெட்டி கழட்டின படியே இருக்கு, வயரும் இருக்கு. என்ர விலாசம் தனித்தாளில எழுதி உள்ளுக்க வச்சிருக்கிறன், அதைப் பேப்பரில போடாதேங்கோ, ஆரும் பள்ளிக்கூடப் பிள்ளையள் கேட்டா மட்டும் குடுங்கோ. சனிக்கிழமையில வரட்டும். வர முதல் கரண்ட் இருக்கோ எண்டு கேட்டுப்போட்டு வரச் சொல்லுங்கோ, போன கிழமை ஆனை ரெண்டு வயல்ப்பக்கம் கம்பத்தைச் சரிச்சுப்போட்டுப் போயிட்டுது, இன்னும் நிமித்தேல்ல, இந்தக் கடிதமே போன் சார்ஜ் முடிய முதல் எழுதி முடிக்கோணும் எண்டு அவசரத்தில எழுதினது.

இப்படிக்கு,
விசுவமடு வாசகன் ஒருவன்